சேறு அப்பிய டர்ட் பைக்: எந்தக் கிளீனரை எங்கே போடலாம், எதைத் தொடக் கூடாது?

நாபிடயர்:
வணக்கம் நண்பர்களே. பைக் 250 நாலு ஸ்ட்ரோக், ஓட்டம் பெரும்பாலும் களிமண் டிராக்கில். ஸ்விங்ஆர்ம் (பின்வீலைத் தாங்குற கை), இன்ஜின் அடிப்பகுதி, வீல் ஹப் மூன்றும்தான் தலைவலி. கைவசம் இருப்பவை: ஊதா நிற டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற சரக்கு; லேபிளில் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் மெட்டாசிலிகேட் என்று போட்டிருக்கு), பாத்திரம் கழுவும் திரவம், கார் ஷாம்பு, பிரேக் கிளீனர் ஸ்பிரே, மண்ணெண்ணெய். ரிம் கறுப்பு அனோடைஸ். கிளட்ச் கவரும் இக்னிஷன் கவரும் மக்னீசியம். செயின் ஓ-ரிங் வகை. எதை எங்கே போடலாம்?

காஸ்கெட்:
முதல் வேலையா அந்த ஊதா டிகிரீசரை பைக் பக்கம் வராத இடத்துல வைங்க. சிமென்ட் தரையில் எண்ணெய்க் கறை எடுக்க அது அருமையான சரக்கு. அலுமினியத்துக்கு எமன்.

அலுமினியத்தைக் காப்பாத்துறது அதன்மேல தானாகவே படியிற மெல்லிய ஆக்சைடு படலம். பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 4-லிருந்து 8.5 வரைக்கும் அந்தப் படலம் அசையாது. காஸ்டிக் சோடா, அதாவது உங்க லேபிளில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு, பட்டால் முதலில் படலம் கரையும், பிறகு உலோகமே கரைய ஆரம்பிக்கும். அப்போ பொடிப்பொடியா வர்ற குமிழ் சோப்பு நுரை இல்லை, ஹைட்ரஜன். கழுவிக் காய்ந்ததும் ஸ்விங்ஆர்ம் சாம்பல் பூத்த மாதிரி மங்கிப் போயிருக்கும், சில உலோகக் கலவைகளில் கறுப்புப் படிவும் வரும். அனோடைஸ் என்பதும் அதே ஆக்சைடுதான், கொஞ்சம் தடிமனா வளர்த்து நுண்துளைகளில் சாயம் ஏற்றியிருக்காங்க. அதனால கறுப்பு ரிம்மில் காரம் வழிந்த கோடெல்லாம் பழுப்புத் திட்டா நிற்கும். பாலிஷ் போட்டு அதைச் சரிபண்ண முடியாது. முழுசா உரித்து மறுபடி அனோடைஸ் பண்ணணும்.

"தண்ணி நிறையக் கலந்துக்கிட்டா?" என்று அடுத்து யாராவது கேட்பீங்க. பிஎச் மடக்கை அளவு. 13 உள்ள கரைசல் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் ஊற்றினால் 12-க்குத்தான் இறங்கும். சிலிகேட் அலுமினியத்தை ஓரளவு காக்கும் என்பது உண்மைதான், ஆனா பக்கத்திலேயே காஸ்டிக் இருக்கும்போது அதை நம்பி இறங்காதீங்க.

மக்னீசியம் இதுக்கு நேர்மாறு. காரத்தைத் தாங்கும், அமிலத்தில் கரையும். உங்க பைக்கில் ரெண்டு உலோகமும் இருக்கிறதால ரெண்டு பக்கமும் கதவு அடைச்சாச்சு. நடுநிலைக்குப் பக்கத்தில் உள்ளதுதான் வழி.

மட்ஃப்ளாப்:
மக்னீசியம் கவர்ல பெயின்ட் இருக்கே, அது காப்பாத்தாதா அண்ணே?

காஸ்கெட்:
முழுசா இருக்கிற வரைக்கும் காப்பாத்தும். ஆனா பூட்ஸ் உரசுற இடத்தைப் பாருங்க. கிளட்ச் கவரின் பின்பக்க வளைவில், கணுக்கால் தேயிற அந்த ஒரு உள்ளங்கை அகலத்தில் பெயின்ட் போய் வெறும் உலோகம் தெரியும். அரிப்பு அங்கேதான் தொடங்கும். ஈரச் சேறு ரெண்டு நாள் ஒட்டியிருந்தாலே வெள்ளைப் பொடி பூக்கும், உப்பு கலந்த மண்ணா இருந்தா இன்னும் சீக்கிரம். கழுவிக் காய வச்சு, அந்த இடத்துக்கு மட்டும் எஞ்சின் பெயின்ட் தொட்டுவிடுறது நல்லது.

டார்க்ரெஞ்ச்:
கிளீனர் பேச்சுக்கு முன்னால ஒண்ணு. சேற்றை எடுக்கிறது தண்ணீரும் நேரமும்தான். கெமிக்கல் வேண்டியது எண்ணெய்ப் பிசுக்குக்கும், கடைசியில் ஒட்டியிருக்கிற மெல்லிய மண் படலத்துக்கும் மட்டும். இதை மாத்திப் புரிஞ்சுக்கிறவங்கதான் மேல மேல காட்டமான சரக்கைத் தேடிப் போறாங்க.

என் வரிசை இது. எஞ்சின் கையால் தொடுகிற சூட்டுக்கு ஆறணும். சூடான எஞ்சின் உறையில் கிளீனர் பட்டால் தண்ணீர் ஆவியாகி மருந்து மட்டும் செறிவா நிற்கும், கறை அப்படித்தான் விழுது. சைலன்சர் வாயில் ரப்பர் அடைப்பான். ஏர் ஃபில்டரைக் கழற்றிட்டு ஏர்பாக்ஸ் வாஷ் கவர் போடுங்க. கவர் இல்லேன்னா பழைய ஃபில்டரை உள்ளேயே விட்டு, சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பை சுற்றினாலும் ஓரளவு ஓடும். கட்டியா நிற்கிற சேற்றை மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளுங்க, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். கீழ்த்தட்டைக் (எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பாதுகாப்புத் தகடு) கழற்றுறது 5 நிமிஷ வேலை, அதுக்கு மேல அடைஞ்சிருக்கிற மண்ணைக் கழற்றாம எடுக்கவே முடியாது.

அப்புறம் சாதா ஹோஸில் முழுக்க நனைச்சு 10 நிமிஷம் விடுங்க. களிமண்ணா இருந்தா நடுவுல இன்னொரு தடவை நனைங்க, காய விடாதீங்க. ஊறினதும் மேலிருந்து கீழே கழுவினா பெரும்பாலான சேறு தானா வழியும். இதுவரைக்கும் சோப்பே கிடையாது. மணலில் இருக்கிற குவார்ட்ஸ், பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் விடக் கடினம். அது போகாம ஸ்பாஞ்சு வச்சுத் தேய்ச்சா எமரி பேப்பர் போட்ட கதைதான்.

இனிதான் ஷாம்பு. லேபிளில் சொன்ன அளவில் வாளியில் கலந்து, மட்கார்டுக்கும் ஷ்ரௌடுக்கும் (ரேடியேட்டர் பக்கவாட்டு பிளாஸ்டிக்) மென்மையான துணி அல்லது மைக்ரோஃபைபர் உறை. ஹப்புக்கும் ஸ்போக்குக்கும் பாட்டில் பிரஷ். டயருக்கும் கீழ்த்தட்டுக்கும் மட்டும் முரட்டு நைலான். கம்பி பிரஷ்ஷும் ஸ்டீல் வூலும் அலுமினியத்தில் வேண்டவே வேண்டாம். இரும்புத் துகள் உள்ளே பதிஞ்சு துருப்பிடிச்சு, அலுமினியமே துருப்பிடிச்ச மாதிரி காட்டும்.

ரெண்டு வாளி வச்சுக்கோங்க. ஒண்ணு சோப்பு, இன்னொண்ணு துணியை அலச.

லினன்லைனர்:
பாத்திரம் கழுவும் திரவம் கூடவே கூடாதுன்னு ஒரு கூட்டம் சொல்லுதே. அதில் உப்பு இருக்காமே?

காஸ்கெட்:
பலவற்றில் சாதா உப்பு சேர்க்கிறாங்க, திரவம் கெட்டியா இருக்கிறதுக்கு. ஆனா 10 லிட்டர் வாளியில் 20 மில்லி கலந்தா உப்பு என்ன அளவில் வரும்னு யோசிங்க. நல்லா அலசினால் அது ஒரு பிரச்சினையே இல்லை. வாளியில் மிச்சமிருந்ததைப் பைக் மேல கவிழ்த்துட்டு அலசாம நிறுத்தினா போல்ட் தலை, ஸ்போக் நிப்பிள், எலெக்ட்ரிக் கனெக்டர் மூணுலயும் அரிப்பு வரும். வாக்ஸ் பூசியிருந்தா அதையும் உரிச்சுடும்.

கையால் தேய்க்கிற பாத்திரத் திரவத்தைப் பற்றித்தான் பேசுறேன். எந்திரத்துக்கான டிஷ்வாஷர் பொடி, மாத்திரை எல்லாம் வேற ஜாதி, காரம் அதிகம். துணி துவைக்கிற பொடியிலும் சலவை சோடா இருக்கும், கரைசல் பிஎச் 10, 11-க்குப் போகும். ரெண்டும் வேண்டாம்.

டார்க்ரெஞ்ச்:
எனக்கு இதில் அவ்வளவு தாராளம் கிடையாது. பாத்திரத் திரவத்தில் நுரை அதிகம், அலசி முடிக்கத் தண்ணீர் இரண்டு மடங்கு செலவாகும். நுரை போகிற வரைக்கும் பேரிங் பக்கம் தண்ணீர் அடிச்சுக்கிட்டே இருக்கணும். கார் ஷாம்பு கையில் இருக்கும்போது அது எதுக்கு? ஹெல்மெட் கண்ணாடியும் கையுறையும் கழுவ வச்சுக்கோங்க.

மட்ஃப்ளாப்:
நாங்க வாங்கும்போது "பைக் வாஷ்"னு எழுதியிருந்தா போதுமா?

காஸ்கெட்:
போதாது தம்பி. பைக் வாஷ் என்ற பெயரில் நடுநிலைச் சரக்கும் இருக்கு, பிஎச் 11, 12 உள்ளதும் இருக்கு. தயாரிப்பாளர் வெளியிடுற பாதுகாப்புத் தரவுத்தாளை எடுங்க. மொத்தம் 16 பகுதி. 2-ஆம் பகுதியில் அபாயம், 3-ல் பொருட்கள், 9-ல் பிஎச். முதலில் 9-ஐப் பாருங்க. 6-க்கும் 8.5-க்கும் நடுவில் இருந்தா கவலையில்லாம எல்லா இடத்திலும் போடலாம். 9, 10 என்றால் கலந்து போட்டு, 3 நிமிஷத்துக்குள் அலசிடணும். 11-க்கு மேல இருந்தா டயருக்கும் சென்டர் ஸ்டாண்டுக்கும் வச்சுக்கோங்க. 2-ஆம் பகுதியில் எச்314 என்ற அபாயக் குறியீடு இருந்தால் தோலைச் சுடும் சரக்கு. எச்290 என்றால் உலோகத்தை அரிக்கும் என்று அவங்களே ஒத்துக்கிட்டாச்சு, அதுக்கப்புறம் யோசிக்க என்ன இருக்கு?

தாளில் கொடுக்கிற பிஎச் கலக்காத சரக்குக்கா, கலந்த கரைசலுக்கா என்பதையும் கவனிங்க. அது எழுதியிருக்கும்.

"இயற்கை", "சிட்ரஸ்", "மக்கும் தன்மை" என்ற சொற்கள் உலோகத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எளிதில் மக்கும் என்பது ஒரு சோதனை முடிவு, 28 நாளில் 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் சிதையணும் என்கிற கணக்கு. மக்கும் காஸ்டிக் கிளீனரும் அலுமினியத்தைத் தின்னும். மக்குறதுக்கு முன்னால ஓடைக்குப் போனால் மீனையும் கொல்லும். கழுவின தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்கு ஓடாம, நீர்நிலையிலிருந்து தள்ளி, புல் அல்லது ஜல்லித் தரையில் வடியிற மாதிரி நிறுத்துங்க. செயின் கழுவின மண்ணெண்ணெயைத் தரையிலும் ஊற்றக் கூடாது. தட்டில் பிடிச்சு, பழைய ஆயிலோடு கலக்காம தனி டப்பாவில், கழிவு எண்ணெய் வாங்குற இடத்தில் கொடுங்க.

சிட்ரஸ் டிகிரீசரில் உள்ள லிமோனின் ஸ்டிக்கர் பசையை இளக்கும். ஷ்ரௌட் ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கிட்டு நிற்க அதுவும் ஒரு காரணம்.

ஹப்ஸ்பேசர்:
இங்கே யாரும் இன்னும் சொல்லாத ஒண்ணு. "அலுமினியம் பிரைட்னர்", "வீல் ஆசிட்" வகையில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கலாம். பைஃபுளோரைடு உள்ளதை பிஎச் தாள் வச்சுப் பார்த்தால் சாதுவா 5 பக்கம் கூடக் காட்டும், அதை நம்பி ஏமாறாதீங்க. ஃபுளோரைடு தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும். வலி சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் (ஃபுளோரைடு காயத்துக்கான முதலுதவி) இல்லாம, தொழில்முறைப் பயிற்சி இல்லாம அதைத் தொடக் கூடாது. வீட்டு முற்றத்தில் அதுக்கு வேலையே இல்லை. தரவுத்தாளின் 3-ஆம் பகுதியில் ஃபுளோரைடு என்ற சொல் எந்த வடிவத்தில் வந்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க.

அப்புறம் பிளீச். சோடியம் ஹைபோகுளோரைட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கூடப் புள்ளிபுள்ளியா அரிக்கும், சீட் கவர் வெளுக்கும். பிளீச் பட்ட வாளியில் அமிலக் கிளீனர் ஊற்றினால் குளோரின் வாயு. எந்தக் கிளீனரையும் இன்னொன்றோடு கலக்காதீங்க என்று பொதுவா சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

நாபிடயர்:
தெளிவா இருக்கு, நன்றி. செயினுக்கு மண்ணெண்ணெய் சரியா? பிரேக் கிளீனர் இன்னும் சீக்கிரம் வேலை செய்யுதுன்னு சொல்றாங்க.

டார்க்ரெஞ்ச்:
சீக்கிரம் வேலை செய்யும், ஓ-ரிங்கையும் சீக்கிரம் கெடுக்கும். பிரேக் கிளீனரும் பெட்ரோலும் ரப்பரை உப்ப வச்சு, உள்ளே அடைச்சு வச்சிருக்கிற கிரீஸை வெளியே இழுத்துடும். அந்த கிரீஸ் தொழிற்சாலையில் ஒரே ஒரு தடவை போடுறது, மறுபடி உள்ளே தள்ள வழியில்லை. கொஞ்ச நாளில் லிங்க் விறைச்சுப் போய் செயின் கொக்கி மாதிரி வளைஞ்சு நிற்கும்.

மண்ணெண்ணெய் சரி. ஆனா ஊறப்போடாதீங்க. 50 மில்லி ஒரு கிண்ணத்தில், மென்மையான பிரஷ்ஷால் தொட்டுத் தேய்ச்சு, உடனே துணியால் துடைச்சு எடுங்க. வெளிப் பிளேட்டுக்கும் உள் பிளேட்டுக்கும் நடுவில் எட்டிப் பார்க்கிற கறுப்பு வளையம்தான் ஓ-ரிங், அதில் கம்பி பிரஷ் பட்டால் அறுந்துடும். மண்ணெண்ணெயும் எரியிற சரக்குதான், திறந்தவெளியில் பண்ணுங்க. பிரேக் டிஸ்க் பக்கம் தெறிக்காம பழைய துணி போர்த்திக்கோங்க.

பிரேக் கிளீனருக்கு ஒரே இடம் டிஸ்க்கும் காலிப்பர் வெளிப்புறமும். அதுவும் துணியில் அடிச்சுத் துடைக்கிறது மேல். நம்பர் பிளேட், ஹெட்லைட் கண்ணாடி பாலிகார்பனேட்டா இருந்தா ஒரு துளி பட்டாலே நுண்விரிசல் விழும். குளோரின் இல்லாத வகை வாங்குங்க. குளோரின் சேர்ந்த கரைப்பான் ஈரமா இருக்கிற இடத்தில் வெல்டிங்கோ கடுஞ்சூடோ பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். குளோரின் இல்லாதது தீப்பிடிக்கும், ரெண்டிலும் ஒரு வில்லங்கம் இருக்கு.

லினன்லைனர்:
பிரஷர் வாஷர் பற்றி யாரும் பேசலையே. எல்லாரும் அதைத்தானே பிடிச்சுக்கிட்டு நிற்கிறாங்க.

ஹப்ஸ்பேசர்:
பிடிக்கலாம், பிடிக்கிற இடம் தெரிஞ்சிருக்கணும். 40 டிகிரி விசிறி நாசில், 50 செ.மீ. தள்ளி. டயர், கீழ்த்தட்டு, மட்கார்டு அடி, இந்த மூணுக்கு மட்டும். வீல் பேரிங் சீல், ஸ்டியரிங் ஹெட், ரியர் ஷாக் லிங்கேஜ், ஃபோர்க் சீல், செயின், ரேடியேட்டர், கனெக்டர்கள், இது எதற்கும் நேரா அடிக்காதீங்க.

சோப்பு போட்ட பிறகு இது இன்னும் முக்கியம். வெறும் தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம், சீல் உதட்டைத் தாண்டக் கொஞ்சம் தயங்கும். சோப்புத் தண்ணீர் தயங்காம நுழைஞ்சு கிரீஸைப் பால் மாதிரி குழம்பாக்கிடும். அப்புறம் பேரிங் துருப்பிடிக்கிறது வெளியே தெரியாது, வீலை அசைச்சால் ஆட்டம் வந்தபிறகுதான் தெரியும். ஆக, சோப்பு போட்டதும் சாதா ஹோஸ், குறைந்த அழுத்தம், நிறையத் தண்ணீர்.

ரேடியேட்டரில் சேறு அடைஞ்சிருந்தா சாதா ஹோஸில் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமா, நேர்க்கோட்டில் மெதுவா அடிங்க. சாய்த்து அடிச்சா துடுப்பு மடங்கிக் காற்று போகாது, மெதுவான ஓட்டத்தில் கொதிக்கும்.

மட்ஃப்ளாப்:
ஃபோர்க் டஸ்ட் சீலையும் சேர்த்துக்கோங்க. மெல்லிய பிளாஸ்டிக் வச்சு டஸ்ட் சீலை நெம்பிக் கீழே இறக்கி, உள்ளே வளையமா நிற்கிற மண்ணை ஈரத்துணியால் துடைச்சுட்டு மேலே ஏத்தணும். ஃபோர்க் லீக் பலதுக்கும் சீல் கிழியிறதைவிட அந்த மண்தான் காரணம்.

நாபிடயர்:
கழுவிக் காய்ந்ததும் ஸ்விங்ஆர்மில் வெள்ளையா ஒரு படலம் தெரியுது. டிகிரீசர் தின்ன இடமா, சோப்பு மிச்சமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காஸ்கெட்:
மூணு படி. ஈரத்துணியால் துடைங்க. போனால் சோப்பு மிச்சம், அலசல் போதலை. போகலையா, வெள்ளை வினிகர் 1 பங்கு தண்ணீர் 1 பங்கு கலந்து துணியில் தொட்டு ஒரு ஓரத்தில் துடைச்சு உடனே தண்ணீரால் துடைங்க. போனால் கடினநீர் உப்பு. மக்னீசியம் கவர் மேல இந்தச் சோதனை செய்யாதீங்க, அங்கே வினிகரே அமிலம்தான். ரெண்டுக்கும் போகலைன்னா ஈரமா இருக்கும்போது எப்படித் தெரியுதுன்னு பாருங்க. நனைஞ்சால் மறைஞ்சு, காய்ந்தால் திரும்பி வருதுன்னா மேற்பரப்பே சொரசொரப்பாகிடுச்சு, காரம் தின்ன இடம். அனோடைஸ் இல்லாத வெறும் அலுமினியமா இருந்தா உலோக பாலிஷ் கொண்டு ஓரளவு மீட்கலாம்.

கடினநீர் உள்ள இடத்தில் நிழலில் கழுவுங்க, கடைசி அலசல் முடிஞ்சதும் காற்று ஊதி அல்லது துணியால் ஒற்றி உலர்த்துங்க. வெயிலில் தானா காய விட்டால் உப்பு அங்கேயே தங்கும்.

லினன்லைனர்:
வெள்ளை மட்கார்டில் செம்மண் கறை ஷாம்புக்கு அசையலை. மேஜிக் ஸ்பாஞ்சு போடலாமா?

ஹப்ஸ்பேசர்:
மெலமைன் ஸ்பாஞ்சு நுண்ணிய உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும். கறை போகும், கூடவே பளபளப்பும் போகும், அடுத்த தடவை கறை இன்னும் ஆழமாப் பிடிக்கும். செம்மண் நிறம் இரும்பு ஆக்சைடு. ஆக்சாலிக் அமிலம் கலந்த பாத்திரப் பொடியைக் குழைச்சுப் பூசி 2 நிமிஷத்தில் கழுவினால் கறை குறையும். ஆனா மட்கார்டைப் பைக்கிலிருந்து கழற்றித் தனியா வச்சுத்தான். கையுறை கட்டாயம், ஆக்சாலிக் அமிலம் நச்சு. பொடியில் உராய்வுத் துகளும் இருக்கும், தேய்க்காம பூசி மட்டும் விடுங்க.

கையுறைன்னா நைட்ரைல். பல டிகிரீசரில் 2-பியூடாக்சிஎத்தனால் இருக்கும், தோல் வழியா உள்ளே போகும். ஸ்பிரே அடிக்கும்போது கண்ணாடியும் போடுங்க. காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமா இறங்கும், குறைந்தது 15 நிமிஷம் ஓடுற தண்ணீரில் கழுவிட்டு மருத்துவரிடம் போகணும்.

மட்ஃப்ளாப்:
ஏர் ஃபில்டரை பெட்ரோலில் அலசுறவங்க இன்னும் இருக்காங்க, அதையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணே.

டார்க்ரெஞ்ச்:
ஃபோமின் தையலில் இருக்கிற பசை விட்டுப்போகும், ரெண்டு அடுக்கும் பிரிஞ்சு மண் உள்ளே போகும். தீ ஆபத்து தனி. ஃபில்டர் கிளீனர் அல்லது மண்ணெண்ணெயில் அமுக்கி எண்ணெயை எடுத்துட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசுங்க. பிழியும்போது முறுக்கக் கூடாது, அமுக்கணும். முழுசா உலர்ந்த பிறகே ஃபில்டர் ஆயில். உள்ளே ஈரம் மிச்சமிருந்தா ஆயில் அந்த இடத்தில் பிடிக்காது.

நாபிடயர்:
கடைசியா ஒண்ணு. எல்லாம் முடிச்சு சிலிகான் ஸ்பிரே அடிச்சா அடுத்த தடவை சேறு ஒட்டாதாமே?

ஹப்ஸ்பேசர்:
ஒட்டுறது குறையும், உண்மை. மட்கார்டின் அடிப்பக்கம், கீழ்த்தட்டு, ஷ்ரௌட் உள்பக்கம் மட்டும் அடிங்க. சீட், கிரிப், ஃபுட்பெக், டயர் பக்கம் போனால் வழுக்கும். டிஸ்க்கில் பட்டால் பேட் உறிஞ்சிக்கும், பிரேக் பிடிக்காது. டிஸ்க்கைத் துடைச்சு மீட்கலாம், சிலிகான் உறிஞ்சின பேடை மாத்துறதுதான். டிஸ்க் ரெண்டையும் பை போட்டு மூடிட்டு, கேனை நேரா அடிக்காம துணியில் அடிச்சுப் பூசுங்க.

டார்க்ரெஞ்ச்:
அதுக்கு முன்னால சைலன்சர் அடைப்பானை எடுங்க, உலர்ந்து ஆயில் போட்ட ஏர் ஃபில்டரைப் போடுங்க, எஞ்சினை 3, 4 நிமிஷம் ஓட விட்டு இடுக்குத் தண்ணீரை ஆவியாக்குங்க. அப்புறம் எஞ்சினை நிறுத்திட்டு செயின் லூப் (செயினுக்கான மசகு ஸ்பிரே). கியர் போட்டு வீலைச் சுழல விட்டு லூப் அடிக்கிற பழக்கம் விரலை ஸ்பிராக்கெட்டுக்குள்ள இழுத்துக்கும், நியூட்ரலில் கையால் பின்னோக்கிச் சுற்றி, செயினின் உள்பக்கத்தில் அடிங்க. தெறித்ததைத் துடைங்க. கிளம்பும்போது மெதுவா உருட்டிக்கிட்டு முன்பிரேக்கும் பின்பிரேக்கும் நாலைந்து தடவை பிடிச்சுப் பாருங்க, பேட் ஈரம் போனதும்தான் பிடி திரும்பும்.